தாய் ஒன்று, சேய் இருபது!

"உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லையாம், ஆனாலும் கணினியாம்! அரிசி இல்லாத பொங்கல், அச்சாணி இல்லாத வண்டி! இதையா எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தலையிலே கட்டப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள் சிலர்.

கேட்பதிலே குற்றமில்லை. பட்டிக்காட்டுக்கு வந்து சேரும் பண்டம் எதுவானாலும், பட்டணத்தார் பயன்படுத்தி அலுத்துப்போய்க் கழித்துக் கட்டியதாகத்தான் இருக்கும் என்ற ஐயப்பாடு, நேற்று முளைத்ததல்ல. நெடுங்காலப் பட்டறிவிலே விளைந்தது. கால் உடைந்த மேசையும், கண்ணாடி உடைந்த விளக்கும், ஏடு கிழிந்த புத்தகமும் "பள்ளிக்கு அன்பளிப்பு" என்ற பெயரிலே வந்து இறங்கிய ஊர்கள் அல்லவா நம்முடைய ஊர்கள்! ஆகவே கேட்கட்டும். கேட்பவர் வாயை மூடச் சொல்வது நமது வழக்கமல்ல. விளக்கம் கூறுவதே நமது வழக்கம்.

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பெரம்பலூருக்கு முன்னே எதிர்ப்படுகிற ஊர் பாடாலூர். சுற்றுவட்டாரத்திலே சின்ன வெங்காயமும், பருத்தியும், மக்காச்சோளமும் விளைகின்றன. வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காத்து, விலை வரும் நாளை எண்ணி எண்ணி ஏங்கிடும் உழவர்கள் வாழும் பகுதி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பெரம்பலூர் மாவட்டத்து மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 65 ஆயிரம். தமிழ்நாட்டு மாவட்டங்களிலே அன்று மிகக் குறைந்த தொகை அதுதான். தலைகளை எண்ணிச் சலுகை தரும் உலகத்திலே, சிறிய மாவட்டத்தின் குரல் சென்னைக் கோட்டைக்குச் சென்று எட்டுவதற்குச் சற்றே உரக்கத்தான் பேசவேண்டியிருக்கிறது. எனவேதான், கணினி பற்றிய இந்தப் பேச்சைப் பாடாலூரை முன்னிறுத்திப் பேசுகிறோம்.

வட்டில்லாக் கணினி என்றால் என்ன?

ஊருக்குள்ளே மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு குழாய் இருக்கிறது. குடத்தோடு வந்து நிற்கும் தாய்மார், "இந்தக் குழாய்க்குள்ளே கிணறு எங்கே இருக்கிறது?" என்று கேட்பதில்லை. திருகினால் தண்ணீர் வருகிறது, குடம் நிறைகிறது. கிணறு ஓரிடம், தொட்டி ஓரிடம், குழாய் பல இடம். வீட்டுக்கொரு கிணறு வெட்டிக்கொள்ளும் வசதி சீமான்களுக்கு உண்டு. ஊர் முழுவதும் குடிக்க வேண்டுமென்றால், தொட்டியும் குழாயும்தான் வழி.

கணினிக் கூடத்திலும் அதே முறைதான். சர்வர் என்று ஆங்கிலத்தார் கூறும் பெரிய கணினி ஒன்று. அதைத் தாய்ப்பெட்டி என்போம். தின் கிளையண்ட் என்று அவர்கள் கூறும் சிறிய பெட்டிகள் பத்தோ இருபதோ. அவற்றைச் சேய்ப்பெட்டிகள் என்போம். எழுதுவதற்கும், படிப்பதற்கும், கணக்கிடுவதற்கும் தேவையான மென்பொருள் அத்தனையும் தாயிடம் இருக்கிறது. சேயிடம் இருப்பது திரை, விசைப்பலகை, சுட்டி, கொஞ்சம் நினைவகம், ஒரு செயலி, ஒரு கம்பி. அவ்வளவே.

மாணவி ஒருத்தி பொத்தானை அழுத்துகிறாள். சேய்ப்பெட்டி விழித்துக்கொள்கிறது. அதற்கு ஊர் தெரியாது, பேர் தெரியாது, நேற்று நடந்ததும் நினைவில்லை. ஆனால் கூவி அழைக்க மட்டும் தெரியும். "யாரங்கே? எனக்கொரு முகவரி தாருங்கள்!" என்று கம்பி வழியே குரல் கொடுக்கிறது. பிஎக்ஸ்ஈ என்ற இந்தக் குரலை, கணினியின் பிணையப் பலகையிலேயே பொறித்து வைக்கும் முறையை இன்டெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலே வகுத்தது. குரல் கேட்டதும் டிஎச்சிபி என்ற பணியாளன் எழுகிறான். "இந்தா உன் முகவரி, இன்ன இடத்திலே இன்ன கோப்பு இருக்கிறது, போய் எடுத்துக்கொள்" என்கிறான். சேய்ப்பெட்டி போகிறது. டிஎஃப்டிபி என்ற சின்னஞ்சிறு வழியிலே லினக்ஸின் கருவை வாங்கி வந்து தன் நினைவகத்திலே ஏற்றிக்கொள்கிறது. கரு உயிர் பெற்றதும், என்எஃப்எஸ் என்ற பெருவழியிலே தாயின் கோப்பு மூட்டையைத் தொட்டுக்கொண்டு, "இதோ, இதுவே என் வட்டு" என்று எழுந்து நிற்கிறது! திரையிலே பெயர் கேட்கும் கட்டம் வருகிறது. மாணவி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறாள். முடிந்தது.

இதிலே மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. டிஎஃப்டிபி 1980களின் தொடக்கத்திலே வகுக்கப்பட்டது. என்எஃப்எஸ் 1984இலே சன் நிறுவனத்தார் தந்தது. வட்டில்லாப் பணிக்கணினிகளைப் பல்கலைக்கழகங்களுக்கு விற்றவர்களும் அதே சன் நிறுவனத்தார்தான். பல்கலைக்கழகத்திலே படித்த மேதைகளுக்கு அன்றைக்கே பொருத்தமாக இருந்த பெட்டி, பாடாலூர்ப் பிள்ளைக்கு வரும்போது மட்டும் "மூளை இல்லாத பெட்டி" ஆகிவிடுமா?

ஒரு நன்மையை மட்டும் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஏனெனில் ஆசிரியப் பெருமக்களின் பாதித் தலைவலிக்கு மருந்து அது.

பள்ளிக்கூடத்துக் கணினி எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் பிள்ளைகள் உடைப்பதால் அல்ல. எவரோ ஒருவர் பென் டிரைவைச் செருகுகிறார், நச்சுநிரல் நுழைகிறது. எவனோ ஒரு குறும்பன் எதையோ அழித்து வைக்கிறான், மறுநாள் திரை எழவில்லை. இருபது கணினியென்றால் இருபது நோயாளி! ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் மருத்துவம் பார்க்க வேண்டும். மருத்துவர் திருச்சியிலிருந்து வரவேண்டும். வருவாரா? கடிதம் போகும், நினைவூட்டல் போகும், காலாண்டுத் தேர்வு போகும், அரையாண்டுத் தேர்வும் போகும்.

வட்டில்லாக் கூடத்திலே கதை வேறு. தாயின் மூட்டை படிப்பதற்கு மட்டுமே உரியது. சேய்ப்பெட்டி அதன்மேலே எழுத முடியாது. எழுதுவதெல்லாம் சேயின் நினைவகத்திலே, மேலே விரித்த மெல்லிய துணி போன்ற ஓர் அடுக்கிலே தங்குகிறது. குறும்பன் எதை வேண்டுமானாலும் அழிக்கட்டும். பெட்டியை அணைத்து மீண்டும் எழுப்பினால் துணி மறைந்துவிடும். அடியிலே உள்ள மூட்டை அன்று மலர்ந்த பூவாகவே இருக்கும். ஆனால் பிள்ளை எழுதிய கட்டுரை மறையாது. அது தாய்ப்பெட்டியிலே, அவரவர் பெயரிலே உள்ள அறையிலே, பத்திரமாக இருக்கிறது. இன்று முதல் வரிசையிலே உட்கார்ந்தவள் நாளை கடைசி வரிசையிலே உட்காரலாம். எந்தப் பெட்டியின் முன் அமர்ந்தாலும் அவளுடைய கட்டுரை அவளைத் தேடி வரும். "இது என் பெட்டி, இது உன் பெட்டி" என்ற பேதம் இல்லை. முன்வரிசைக்கு நல்ல பெட்டி, பின்வரிசைக்கு நொள்ளைப் பெட்டி என்ற கொடுமையும் இல்லை!

புதிய மென்பொருள் ஒன்று வேண்டுமா? தாயிடம் ஒருமுறை நிறுவினால் போதும். மூட்டையை மீண்டும் கட்டினால், இருபது சேய்க்கும் அது வந்துவிடுகிறது.

இந்த முறைக்கு லினக்ஸ் உலகிலே பெயர் வாங்கித் தந்தது எல்டிஎஸ்பி என்ற திட்டம். ஜிம் மக்வில்லன் என்ற அமெரிக்கர், மிச்சிகன் மாநிலத்திலே, மருத்துவப் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றுக்காக 1999இலே உருவாக்கியது. விலை உயர்ந்த முனையங்களை வாங்கிக் கட்டுபடியாகாது என்று எண்ணினார். எளிய கணினிகளையே முனையமாக்கினார். ஆக்கியதைப் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்தார் முன்னே வைத்தார். கடைக்காரர் கணக்கெழுதப் பிறந்த கருவி, அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துப் பள்ளிகளுக்கும், நார்வே நாட்டுப் பள்ளிகளுக்கும், பிரேசில் நாட்டுக்கும் சென்றது. 2019இலே அந்தத் திட்டத்தை அடியோடு புதிதாக எழுதிக் கொடுத்தவர், அல்கிஸ் யோர்கோபுலோஸ் என்ற கிரேக்கர். கிரேக்க நாட்டுப் பள்ளிக்கூடங்களின் கணினிக் கூடங்களுக்காகவே பல்லாண்டு பாடுபட்டவர். பொருள் நெருக்கடியிலே சிக்கித் தவித்த நாடு கிரேக்கம் என்பது நினைவிருக்கட்டும். பணம் குறைந்தபோது அறிவைப் பெருக்கிக்கொள்ளும் வழியைத் தேடினார்கள்.

புதிய எல்டிஎஸ்பியிலே ஒரு மாறுதல் உண்டு. பழைய முறையிலே, எல்லா வேலையையும் தாயே செய்து, சேய்க்குப் படத்தை மட்டும் அனுப்பியது. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்திலே இணைய உலாவியைத் திறந்தால், தாய் மூச்சுத் திணறிப் போகும். இன்றைய உலாவிகள் நினைவகத்தை விழுங்கும் வேகம் அப்படி! புதிய முறையிலே, கோப்புகளைத் தாய் தருகிறாள். வேலையைச் சேயே தன் செயலியைக் கொண்டு செய்துகொள்கிறது. அடுப்பு அவரவர் வீட்டிலே, அரிசி மட்டும் பொதுக் களஞ்சியத்திலே! இதனாலே தாய்ப்பெட்டிக்கு மலைபோன்ற இயந்திரம் தேவையில்லை. நல்ல மேசைக் கணினி ஒன்றே ஒரு கூடத்தின் தாயாகலாம்.

தாயை எழுப்பும் வேலையும் மலையைப் பெயர்க்கும் வேலையல்ல. டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸை அதிலே நிறுவ வேண்டும். எல்டிஎஸ்பி, டிஎன்எஸ்மாஸ்க், என்எஃப்எஸ் ஆகிய தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்க்க வேண்டும். பிறகு நாலைந்து கட்டளைகள்: மூட்டையைக் கட்ட ஒன்று, எழுப்பும் பட்டியலை ஆக்க ஒன்று, கோப்புகளைப் பகிர ஒன்று, பயனர் விவரங்களைச் சேர்த்தனுப்ப ஒன்று. புதிய மாணவர் பெயரைச் சேர்த்தால் கடைசிக் கட்டளையை மறவாமல் மீண்டும் இடவேண்டும், இதை மறந்துவிட்டு, "பிள்ளையின் கடவுச்சொல் ஏற்கவில்லையே!" என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். பள்ளியிலே ஏற்கெனவே முகவரி தரும் ரவுட்டர் இருந்தால், அதைக் கழற்ற வேண்டியதில்லை. அது முகவரி தரட்டும், தாய் வழி மட்டும் காட்டுவாள். எபாப்டஸ் என்ற இன்னொரு தொகுப்பைச் சேர்த்தால், ஆசிரியர் தம் இடத்திலிருந்தே இருபது திரைகளையும் காணலாம், தம் திரையை இருபது பேருக்கும் காட்டலாம்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கம்பிகள் கூடும் இடத்திலே இருக்கிறதே ஸ்விட்ச் என்ற பெட்டி, அது ஜிகாபிட் வேகம் உடையதாக இருக்கவேண்டும். பழைய நூறு மெகாபிட் பெட்டி, நொடிக்கு ஏறத்தாழ பதினொரு மெகாபைட்தான் தாயிடமிருந்து வாங்கித் தரும். மணி அடித்ததும் இருபது பிள்ளைகள் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால், ஒருவருக்கு அரை மெகாபைட்தான் கிடைக்கும். பாடவேளை முடியும்போதுதான் திரை எழும். ஜிகாபிட் என்றால் அதைப்போலப் பத்து மடங்கு. தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டு, குழாயை மட்டும் ஊசி முனையாக வைப்பவரை ஊரார் என்னவென்று கூறுவார்கள்?

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். சாதாரண மேசைக் கணினி ஒன்று 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். இருபதுக்கு 2,000 வாட். சிறிய சேய்ப்பெட்டி 15 வாட்டிலே அடங்கும், இருபதுக்கு 300. தாய்க்கு 200 கொடுத்தாலும் மொத்தம் 500 வாட், திரைகள் நீங்கலாக. மின்வெட்டு வந்தால் மின்கலத்தின் ஆயுள் எத்தனை மடங்கு நீளுகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்கிட்டுக் கூறிவிடும்.

இத்தனையும் கிரேக்கத்துக் கதை, அமெரிக்கக் கதை. தமிழ்நாட்டிலே என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது தோழர்களே, நடந்திருக்கிறது. பெருமைப்படும்படியாகவும் நடந்திருக்கிறது, பெருமூச்சு விடும்படியாகவும் நடந்திருக்கிறது.

எல்காட் என்ற தமிழ்நாடு மின்னணு நிறுவனத்துக்கு உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலே, 2006க்கும் 2008க்கும் இடையிலே, அந்த அலுவலகமே லினக்ஸுக்கு மாறியது. "உரிமத் தொகையைக் கொட்டிக் கொடுக்க முடியாது" என்று அரசு நிறுவனம் ஒன்று நிமிர்ந்து கூறிய காலம் அது. பள்ளிகளுக்காக ஏறத்தாழ 30,000 கணினிகளும் 1,880 சர்வர்களும் லினக்ஸோடு சென்றதாக அந்நாளில் இதழ்கள் எழுதின. இந்தியாவிலேயே பெரிய லினக்ஸ் முயற்சி என்று வியந்தன. 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாட்டு அரசு அறிவுறுத்தியது. பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனத்தாரின் படைப்பு; சென்னையிலே உருவானது.

வீசிய காற்று ஏன் நிலைக்கவில்லை? பெட்டி சென்றது, பயிற்சி செல்லவில்லை. அதிகாரி மாறினார், ஆர்வமும் மாறியது. லினக்ஸோடு வந்த கணினியிலே, கள்ளத்தனமாகப் படியெடுத்த விண்டோஸை ஏற்றிக்கொண்டு, "இதுதானே நமக்குப் பழக்கம்" என்று கூறியவர்களை நாமே கண்டிருக்கிறோம். பழக்கம் என்ற சொல், எத்தனை நல்ல பயிரைக் கருக வைத்திருக்கிறது!

அண்டை நாட்டைப் பாருங்கள். கேரளத்திலே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001இலே தொடங்கிற்று. சில ஆண்டுகளிலே கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறிற்று. அங்கே செய்தது என்ன? ஆசிரியர்களைப் பழக்கினார்கள். ஆசிரியர்களுக்குள்ளேயே வல்லவர்களைப் பொறுக்கியெடுத்து, மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பிக்க வைத்தார்கள். பாடநூலையும் தேர்வையும் லினக்ஸிலேயே அமைத்தார்கள். அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிகளின் இரண்டு இலட்சம் கணினிகளிலே கட்டற்ற மென்பொருளை வைத்ததாலே 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இலே அவர்கள் கணக்குச் சொன்னார்கள். கணக்கிலே பாதியைத் தள்ளுபடி செய்தாலும், மிச்சம் 1,500 கோடி!

நம்மிடமும் கூடங்கள் இல்லாமல் இல்லை. 2019இலே அரசு உயர்நிலை, மேனிலைப் பள்ளிகள் 6,029இலே உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேனிலைப் பள்ளிக்கு இருபது என்று தின் கிளையண்ட் பெட்டிகளும், அவற்றுக்குத் தாயாக ஒரு சர்வரும்! ஆக, சேய்ப்பெட்டி என்பது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குப் புதிய விருந்தாளியல்ல. வந்து உட்கார்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2024இலே மேலும் 8,209 ஆய்வகங்களும் 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் அமைக்கும் பணி, 1,076 கோடி ரூபாய்க்குக் கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரானுக்குச் சென்றது. எந்த ஆட்சியிலே எது வந்தது என்பதல்ல இங்கே நமது பேச்சு. வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் பேச்சு.

கூட்டங்களுக்காகப் பல ஊர்களுக்குப் போகிறோம். பள்ளிக்கூடத்து வாயிலைக் கடக்கும்போது, "கணினிக் கூடம் எப்படி?" என்று கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. பல இடங்களிலே மலர்ந்த முகத்தோடு பதில் வருகிறது. ஓர் ஊரிலே, பெயர் வேண்டாம், "பூட்டியிருக்கிறது ஐயா" என்றார்கள். ஏன்? "சர்வர் எழவில்லை." எத்தனை நாளாக? "கம்பெனிக்காரர் வரவேண்டும்." இருபது பெட்டிகளும் நல்ல உடல்நிலையோடு இருக்கின்றன. இருபது திரைகளும் உடையவில்லை. தாய் ஒருத்தி மயங்கி விழுந்ததாலே, இருபது குழந்தைகளும் பட்டினி!

இதுதான் இந்த முறையின் பலவீனம். மறைக்க விரும்பவில்லை. தனித்தனிக் கணினியென்றால், ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். இங்கே ஒன்று கெட்டால் எல்லாம் கெடும். "அப்படியானால் தனித்தனியே வாங்கிவிடலாமே" என்று கூறுவோர் உண்டு. தொட்டி ஒழுகுகிறது என்பதற்காக, வீட்டுக்கொரு கிணறு வெட்டுவோமா? ஒழுகலை அடைக்கத் தெரிந்தவனை ஊரிலே வைத்திருப்போம்!

அங்கேதான் லினக்ஸின் அருமை விளங்குகிறது. பூட்டிய மென்பொருளிலே ஆசிரியர் கற்றுத் தேர்ந்தாலும், உள்ளே கைவைக்க உரிமை இல்லை. இன்னொரு சர்வரிலே படியெடுத்து வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லை. உரிமம் ஒன்றுக்குத்தான், இரண்டுக்குக் காசு! "நூலைத் தொடாதே, ஓதுவதைக் கேட்காதே, கொடுப்பதை வாங்கிக்கொண்டு கும்பிட்டுப் போ" என்று ஒரு காலத்திலே நம் பாட்டன்மாருக்குச் சொன்னார்களே, அந்தக் குரலின் சாயல் இதிலே கேட்கவில்லையா? லினக்ஸ் அப்படியல்ல. 1991இலே ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த அந்தக் கருவை, மூலவரி உட்பட எவரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுக்கலாம், பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம். கொடுப்பது திருட்டல்ல; கொடுக்கலாம் என்பதே உரிமத்தின் உயிர்!

எனவே, தாய் விழுந்தால் என்ன செய்வது? இரண்டாவது தாயை முன்னரே ஆயத்தமாக வைப்பது. பழைய கணினி ஒன்றிலே அதே மூட்டையின் படியையும், பிள்ளைகளின் கோப்புகளின் படியையும் வாரந்தோறும் எடுத்து வைத்தால், முதலாமவள் மயங்கும் நாளிலே இரண்டாமவளுக்குக் கம்பியை மாற்றிச் செருகலாம். அடுத்த பாடவேளைக்குக் கூடம் எழுந்துவிடும். இதற்கு உரிமத் தொகை ஒரு காசும் இல்லை. தேவைப்படுவது ஒரு கூடுதல் வட்டு, ஒரு பழைய கணினி, அதைச் செய்யத் தெரிந்த ஒருவர்.

பழைய கணினிக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2025 அக்டோபர் 14ஆம் நாள், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற சில்லு இல்லாத கணினியை வாயிற்படியிலேயே நிறுத்துகிறது. நன்றாக ஓடும் கணினிகள், "வயதாகிவிட்டது" என்று அலுவலகங்களிலிருந்தும் நிறுவனங்களிலிருந்தும் வெளியே தள்ளப்படுகின்றன. வெளியே தள்ளும்போது, இரகசியம் காக்க வட்டைக் கழற்றிக்கொள்வார்கள். கழற்றட்டும்! நமக்கு வட்டு வேண்டாமே! வட்டை உருவிய உடல்தான் நமக்கு வேண்டும். நினைவகம் நாலு ஜி.பி. இருந்து, பிணையத்திலிருந்து எழும் வசதியும் இருந்தால், அது பாடாலூரிலே சேய்ப்பெட்டியாக இன்னும் ஐந்தாறு ஆண்டு உழைக்கும். கழித்துக் கட்டியதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறோமா என்று தொடக்கத்திலே கேட்டவர்கள் மீண்டும் கேட்கலாம். பழைய பெட்டியைப் பழைய பெட்டியாகவே தலையிலே கட்டினால், அது அவமதிப்பு. அதைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, புதிய உயிர் கொடுத்து, புதிய கணினிக்கு ஈடாக இயக்கிக் காட்டினால், அது திறமை. ஆனால் மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

தமிழ் பற்றி ஒரு சொல். 1999 பிப்ரவரியிலே சென்னையிலே நடைபெற்ற தமிழ் இணையம் 99 மாநாட்டையொட்டித்தான் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. லினக்ஸிலே அந்தப் பலகை எவர் தயவுமின்றிக் கிடைக்கிறது. பட்டியல்களும் கட்டளைப் பெயர்களும்கூடத் தமிழிலே தெரியும்படி, தன்னார்வத் தொண்டர்கள் ஊதியமின்றி மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் கண்டு மருளும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, முதல் திரையே தமிழிலே எழுந்தால் அந்த முகத்திலே தோன்றும் தெளிவுக்கு விலை உண்டா? மொழிபெயர்ப்பிலே சில இடங்கள் கரடுமுரடு, ஒத்துக்கொள்கிறோம். திருத்தலாம், திருத்தும் உரிமை நமக்கு இருக்கிறதே!

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்றும் கூற முடியாது. கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. விழுப்புரத்திலே லினக்ஸ் பயனர் குழுவினர், ஊரகப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கற்பிக்கிறார்கள். விழுப்புரம் பாடாலூருக்கு நிலவுலகின் மறுகோடியா? அதே நெடுஞ்சாலையின்மேலே இருக்கிற ஊர்தானே!

பெரம்பலூர் மாவட்டத்திலே ஒன்றியங்கள் நான்கு: பெரம்பலூர், ஆலத்தூர், வேப்பூர், வேப்பந்தட்டை. ஒன்றியத்துக்கு ஐந்து ஆசிரியர். மொத்தம் இருபது பேர். கோடை விடுமுறையிலே பத்து நாள். தாய்ப்பெட்டியைத் தம் கையாலேயே நிறுவி, தம் கையாலேயே கெடுத்து, தம் கையாலேயே மீண்டும் எழுப்பிப் பழகட்டும். அவர்களோடு மேனிலை வகுப்பிலே கணினி படிக்கும் பிள்ளைகளும் உட்காரட்டும்; ஆசிரியருக்கு மாறுதல் வந்தாலும், கலை ஊரிலேயே தங்கும். பாடாலூரிலே சர்வர் விழுந்தால், திருச்சியை நோக்கிக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகச் செட்டிகுளத்திலிருந்து ஓர் ஆசிரியர் இருசக்கர வண்டியிலே வந்து இறங்குவார். ஆயிரம் கோடித் திட்டத்திலே இந்தப் பத்து நாளுக்கு இடமில்லையா?

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரே அதிலே பெரும்பான்மையோர். அடுத்த கூட்டத்திற்குப் போகும் தாய்மார்களும் தந்தைமார்களும், குடிநீர், கழிவறை பற்றிக் கேட்டு முடித்தபின், மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். கணினிக் கூடம் சென்ற வாரத்திலே எத்தனை நாள் திறந்திருந்தது? பிள்ளைகள் எழுதிய கோப்புகளுக்கு இன்னொரு படி எங்கே இருக்கிறது? சர்வரின் கடவுச்சொல், இந்த ஊரிலே யாரிடம் இருக்கிறது?